பொங்கல் சேலையும் மறைத்த முகமும்

சொந்தமாகச் செய்தி எடுத்துப் பிழைப்பவளுக்கு முதலாளி கிடையாது; அதனால் திட்டு வாங்கவும் வேறு ஆள் கிடையாது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு கேமரா, எழுத்து, எடிட்டிங் எல்லாம் நானே பார்த்து சென்னை டிவிகளுக்குக் கொடுக்கிறேன். நன்றாகவே செய்வேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பேர் இல்லாத மைக்

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே ரேஷன் கடை திறந்தால் அதிசயம் என்று கேள்விப்பட்டு, முதலில் கலெக்டர் ஆபீஸில் அதற்குரிய அதிகாரியிடம் போனேன். என் மைக்கில் எந்த டிவியின் பெயரும் இருக்காது. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"பேரு போட்ட மைக்குன்னா பயந்துகினு பேசுவேன். இதுக்கு எவ்ளோ பயப்படறதுன்னே தெரியலியேம்மா."

ஊரெல்லாம் ஒரே சேலை

நேராக மலைக்கே போய்விட்டேன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அலமேலு கேமரா முன்னால் கடை திறக்காத கதை எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அந்தக் கடை அரிசியை நம்பித்தான் அவர் வீட்டில் உலை வைக்கிறார்கள். கடைக்காரர் பழிவாங்கிவிடக் கூடாதே என்று, அவரைக் கேட்காமலே முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றி அனுப்பினேன்; டிவியிலும் வந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அடுத்த வாரம் போனால் ஊரே முறைக்கிறது. அலமேலு அன்று கட்டியிருந்தது பொங்கலுக்கு அதே ரேஷன் கடையில் கொடுத்த இலவசச் சேலை. ஊரில் பாதிப் பெண்கள் கட்டுவது அதைத்தான். முகம் தெரியாததால் கடைக்காரர் சேலையை வைத்துத் துப்பு துலக்கி, அதே சேலை கட்டிய, வாயே திறக்காத ராணிக்கு அரிசி இல்லை என்று அனுப்பிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அலமேலு என் போனை வாங்கி வீடியோவை முழுசாகப் பார்த்தார்.

"பேசினது நானு, பட்டினி அவளா? மூஞ்சத் தொடைக்கச் சொல்லி நான் கேட்டனாங்க?"

இரண்டாவது வீடியோ

அன்றே மறுபடி எடுத்தோம். அலமேலு முகம் கழுவி, தலை சீவி, கடை வாசலிலேயே நின்றார். "உங்களுக்கும் அரிசியை நிறுத்திட்டா?" என்றேன். "ராணிக்கு நிறுத்தினத வுடவா?" என்றார். மலையை விட்டுக் கச்சிராயபாளையம் இறங்கி, சிக்னல் கிடைத்ததும் அனுப்பினேன். முகம், குரல், பெயர் எதையும் தொடவில்லை.

இரண்டே நாளில் அந்த அதிகாரி ஜீப்பில் மலையேறினார். நானும் பின்னாலேயே போனேன். கடை திறந்திருந்தது, ராணிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வரிசையைப் பார்த்தார். பாதிப் பேர் அதே சேலை. வீடியோவை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது, "புகார் சொன்னது யாரும்மா?" என்றார். அலமேலு வரிசையை விட்டு அவர் எதிரே வந்து நின்றார்.

"நல்லாப் பாத்துக்கோங்க சார். அடுத்த மாசம் கட மூடிக் கெடந்தா, இதே மூஞ்சிதான் உங்க ஆபீசுக்கு வரும்."

எல்லாம் தெரிந்த இந்தச் செய்திக்காரி, இப்போதெல்லாம் ஒரு முகத்தை மறைப்பதற்கு முன்னால் அதன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறாள்.