பாப்பா அனுப்பியதையெல்லாம் திறந்தேன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ர வர வேண்டிய இடத்தில் ற வந்திருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எழுத்தில்தான் பிழை இருக்கும், நடந்ததில் இருக்காது.

அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிறவன் நான். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. என் மகள், வீட்டில் பாப்பா, எனக்கு நேர்மாறு. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்.டபிள்யூ. என்று சமூகப்பணிப் படிப்பு படித்தாள். கடைசி வருடம் ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் ஊர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்களிடம் பேசி, அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்து, அதை வைத்து எழுதுவது என்று முடிவு செய்தாள். லீவு விட்டால் போதும், அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு நாள் அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் வேஸ்ட் துணி மாதிரி, திரை முழுக்க ஃபைல்கள் சிதறிக் கிடந்தன.

“என்ன கண்ணு, இப்படி எறஞ்சு கெடக்குது?”

“என்னோடது பரவால்லீங்கப்பா. என் ரூம்ல ஒருத்தி எல்லாத்துக்கும் கடைசின்னே பேர் வெச்சிருக்கறா. கடைசி, கடைசிக்கும் கடைசி, சத்தியமா கடைசி. எது நெசமான கடைசின்னு அவளுக்கே தெரியாது.”

அவள் போனில் இடம் பத்தாது. பதிவு செய்ததை லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவாள். அழிப்பதற்கு முன் எனக்கும் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்புவாள். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் வழக்கமாம். அண்ணனுக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவிட்டால் பத்திரம் என்று நினைப்பு.

“உங்க போன்ல சும்மா இருக்கட்டுங்கப்பா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், வாங்கின கையோடு பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்போம். படிக்கத் தெரியாதவர்களும் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிக்காமல் ஓரமாக வைத்தால் கொடுத்தவர்கள் மனம் வாடிப்போகும். மகள் அனுப்பியதன் மேல் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். இன்னும் கையில் வாங்கவில்லை என்று அது என்னைப் பார்த்துச் சொல்வது போலவே தோன்றும். அதைத் தொடுவேன். வட்டம் சுற்றி நிற்கும். பிறகு ஒரு நொடி கேட்டுவிட்டு நிறுத்துவேன். அடுத்தவர்கள் கஷ்டத்தைக் கேட்க எனக்குக் கூச்சம்.

ஒருமுறை டீ டைமில் தொட்டுவிட்டேன். சத்தம் முழுதாக இருந்திருக்கிறது. “என்னத்தச் சொல்லச் சொல்லுத தாயி, ஊருக்குப் போவணும்னுதான் கெடக்கேன்” என்று ஒரு பெண் குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது. எதிரில் இருந்த டெய்லர் விடவில்லை.

“ஏனுங்ணா, எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டீங்க. போன்ல மட்டும் அக்காவெல்லாம் பேசறாங்க! அண்ணிக்குத் தெரியுமுங்களா?”

அதற்குப் பிறகு பாய்லர் ரூமுக்குப் பின்னால் போய்த்தான் தொடுவேன். ஆனால் ஒன்றையும் விடவில்லை.

வைத்து வைத்து என் போன் நிறைந்து நின்றுபோனது. செல்போன் கடைக்காரர் பார்த்துவிட்டு, “பூராம் ஆடியோவா இருக்குதுங்க. அழிச்சுரட்டுங்களா?” என்றார். “வேண்டாமுங்க” என்றேன். “கேக்கற மாதிரியே தெரியலீங்களே, எதுக்குங்க இது?” என்றார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். “எம் பொண்ணு படிப்புங்க அது. வேணும்னா என் போட்டோவை அழிச்சுக்குங்க” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஆய்வைக் கொடுக்க வேண்டிய மாதத்தில் லேப்டாப் செத்துப்போனது. உள்ளே இருந்த எதுவும் வராது என்று ரிப்பேர்க்காரர் கைவிரித்துவிட்டார். எழுதின பக்கங்கள் ஆய்வைப் பார்க்கிற காலேஜ் மேடத்துக்கு மெயிலில் போயிருந்ததால் தப்பித்தன. குரல்கள் போய்விட்டன. அந்தக் குரல்கள் இல்லாமல் ஆய்வை வாங்க மாட்டார்கள். திரும்பப் போய்ப் பேசலாம் என்றால், நிறையப் பேசிக்கொடுத்தவர், எங்கள் கேன்டீனில் குரல் கேட்டதே அந்த அக்கா, வேலையை விட்டுத் தென்காசிப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். நம்பரும் மாறிவிட்டது.

மகள் வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, நான் அனுப்புனதை எல்லாம் நீங்க தொறந்தீங்களா?”

சும்மா இருக்கச் சொன்னதைத் தொட்டுவிட்டேனே என்று தலை குனிந்தேன்.

“தொறக்கலீன்னா போச்சுங்கப்பா. தொட்டு எறக்கி வெச்சாத்தான் போன்ல இருக்கும். இல்லீன்னா கொஞ்ச நாள்ல வராமப் போயிரும். ரூம்ல ஒருத்தி அண்ணனுக்கு அனுப்புனா. அவன் தொடவே இல்ல. இப்பத் தொட்டா, மறுபடி அனுப்பச் சொல்லுன்னு வருது.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

“எல்லாத்தையும் தொறந்துட்டேன் சாமி” என்றேன். “முழுசாக் கேக்கல. தொறந்தேன், அவ்வளவுதான்.”

போனை வாங்கினாள். மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும், வந்தது என்று நான் வைத்த கட்டைவிரல் படம். ஒன்றைத் தொட்டாள். “என்னத்தச் சொல்லச் சொல்லுத தாயி” என்றது போன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “யாருங்க அது?” என்றாள். “உங்க ஊட்டுக்காரரோட அக்காங்கம்மா” என்றாள் மகள். டெய்லர் கேலி செய்த கதை அவள் வரைக்கும் போயிருக்கிறது.

ஆய்வு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. இப்போது அவள் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, அதை எங்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். இன்டர்நெட்டிலும் ஒன்று வைத்திருக்கிறாள். அப்படியும் எனக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. முன்பு சும்மா இருக்கட்டும் என்றவள், இப்போது, “தொறந்துருங்கப்பா” என்று சேர்த்து அனுப்புகிறாள்.

இதை எழுதச் சொன்னதும் அவள்தான். இந்தத் தாள்களையும் போட்டோ எடுத்து எனக்கே அனுப்புவாளாம். வரட்டும், திறக்கிறேன்.

எழுதி முடித்தது: வைகாசி, இரண்டாம் ஞாயிறு.