காற்றுப் பிரியும்வரை

1991 ஐப்பசியில் என் பெருங்குடலில் இருந்த கட்டியை, அதைச் சுற்றியிருந்த குடலோடு வெட்டி எடுத்து, மிச்சமிருந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். வயிற்றைத் திறந்து தைத்தவர்களுக்குக் காற்றுப் பிரியும்வரை வாய்வழி எதுவும் தரக் கூடாது என்பது அன்றைய வழக்கம். காற்றுப் பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று பொருள். அதற்கு முன் ஒரு மிடறு தண்ணீர் போனாலும் தையல் விட்டுப்போகும் என்று எங்கள் சேரப்பணஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த மருத்துவமனைக்குச் சென்னையிலிருந்து வந்து அறுவை செய்த டாக்டர், அந்த வழக்கம் சரிதானா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலருக்கு மறுநாளே கஞ்சித் தண்ணீர், சிலருக்குப் பழைய முறை. யாருக்கு எது என்பதை முன்பே சீட்டுக் குலுக்கி ஒட்டிவைத்து, அறுவை முடிந்த பிறகு பிரிக்கும் உறை சொல்லும்.

"எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா எதுக்கு இந்த வேலை? இஷ்டமில்லைன்னா வேணாம், ஆபரேஷன்ல ஒரு குறையும் வராது" என்றார்.

நான் பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். தெரியாது என்று சொல்லும் மனிதரை நம்பலாம் என்று சம்மதித்தேன். டிரையலுக்கு ஓட்டிப் பார்த்த பீஸை எங்கள் தொழிற்சாலையில் பெரும்பாலும் கழிவுத் தொட்டியில்தான் போடுவோம் என்பது கட்டிலில் படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உறையில் எனக்குக் கஞ்சி என்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் குன்றத்தூர் லாரி டிரைவர். அதே நாள், அதே அறுவை. அவருக்குப் பழைய முறை. மூக்கில் குழாய், வெடித்த உதடு.

மறுநாள் காலை சிஸ்டர் டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். டிரைவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்.

"இன்னா சார், உனக்கு மட்டும் பந்தி போட்டுட்டாங்களா?"

"நீ கம்னு கெட" என்றார் அவர் மனைவி.

பசித்தவர் பார்க்கச் சாப்பிட்டால் வயிற்றில் தங்காது என்று கேட்டு வளர்ந்தவன் நான். பார்த்தவருக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டால் தோஷமில்லை. ஆனால் இவருக்கு அந்த ஒரு வாயையும் கொடுக்க முடியாது. கடைசியில் என் மனைவி முந்தானையை விரித்து மறைத்துப் பிடிக்க, நான் குடித்தேன்.

"இன்னாம்மா, ஸ்கிரீன் கட்டிகினு தனியா படம் ஓட்றீங்களா?"

சிரித்தேன். தையல் இழுத்தது.

அதற்கடுத்த நாள் மதியம் என் வயிறு ஊதத் தொடங்கியது. குடித்ததெல்லாம் பச்சை வாந்தியாக வெளியே வந்தது. டாக்டர் வந்து விரலால் தட்டினார். மேளம் போல் கேட்டது.

"ஒண்ணு, குடல் இன்னும் தூங்குது. இல்லேன்னா தையல்ல கசியுது. கஞ்சிய நிறுத்துவோம். ஜுரமும் நாடியும் ஏறிச்சுன்னா மறுபடி திறக்கணும்."

மறுபடி திறந்தால் பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. "அப்போ நானும் பழைய முறைக்கு வந்துட்டேனா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல. நிறுத்தினாலும் நீங்க கஞ்சிப் பிரிவுதான். சரியா வராதவங்களை அந்தப் பக்கம் தள்ளிட்டா அப்புறம் இது என்ன ஆராய்ச்சி?"

அது சரிதான். பரிசோதனையில் ரிஜெக்ட் ஆன பீஸை வேறு லாட்டின் சரக்கோடு கலப்பவர்களைத் தொழிற்சாலையில் நானே ஏசியிருக்கிறேன். இந்த முறை ரிஜெக்ட் நானாக இருக்கலாம் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. என் மூக்கிலும் குழாய் போட்டார்கள்.

"எல்லாம் இந்த ஆளு கண்ணு. டம்ளரையே மொறச்சிகினு கெடந்தாரு" என்று டிரைவரின் மனைவி என் மனைவியிடம் அழுதார்.

டிரைவர் கட்டில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நடுவயிற்றில் பச்சைப் புண்ணோடு ஒருக்களிப்பது எத்தகைய வலி என்பது எனக்குத் தெரியும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நேரா படுங்க" என்றேன்.

"வேணாம் சார். நான் இப்டியே கீறேன்."

அவர் முகம் மறைந்ததும் எனக்குச் சற்று நிம்மதியாகவும் இருந்தது.

சிஸ்டர் அடிக்கடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் என் மனைவி சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள். மறு அறுவைக்கான சம்மதத் தாளில் அவளிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். மாலையில் நாடி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. டாக்டர் நெடுநேரம் வயிற்றில் கையை வைத்திருந்தார். "காலையில பார்ப்போம்" என்றார். அதற்குள் ஜுரம் வந்தால் உடனே தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜுரம் வரவில்லை. காலையில் டாக்டர், உதவி டாக்டர், சிஸ்டர் என்று எல்லோரும் என் கட்டிலைச் சூழ்ந்து நின்றிருந்தபோது, அறை முழுக்கக் கேட்கும்படி காற்றுப் பிரிந்தது.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "சார்... நீயா?"

"நான்தான்."

"சிஸ்டர்! சாருக்கு வந்துடுச்சி! எழுதிக்கமா!"

டாக்டர் வயிற்றை மெல்ல அழுத்தினார். தளர்ந்திருந்தது. "கசிவு இல்ல. முழிச்சுக்கிச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கஞ்சியாலதான் ஊதிச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"டாக்டர்" என்றார் டிரைவர், சுவரைப் பார்த்தபடியே. "என் கண்ணு பட்டுதா, இல்லியா? அத்த சொல்லு."

டாக்டர் கேலி செய்யவில்லை. சற்று யோசித்தார். "உங்க ஒருத்தர் கண்ண வச்சு அத எப்படிச் சொல்றது?"

டிரைவரும் யோசித்தார்.

"அப்போ திரும்பிக்கவா? விலா செத்துப்போச்சு" என்றார். உதவி டாக்டரும் சிஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் திருப்பினார்கள்.