பாதி திறந்த கதவின் படம்

நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ஆள் நான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குத் தெரிவதை இன்னும் தெளிவாகத் தெரியவைப்பதுதான் என் பிழைப்பு. தெரியாததைப் பற்றி எனக்கென்ன என்று இருந்தவள்.

என் தங்கைக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் ஓயமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய மாயக் கதைகளின் படம் போட்ட பதிப்புகள். ஒரே நாவலை மூன்று தடவை வாங்கி வைத்திருந்தாள். ஒன்றில் டிராகன் தின்று கொழுத்த பூனை மாதிரி படுத்திருக்கும். இன்னொன்றில் கயிறு மாதிரி மெலிந்து கிடக்கும். மூன்றாவதில் வாலைத் தவிர ஒன்றுமே தெரியாது.

"கதை ஒண்ணுதானேடி, எதுக்கு மூணு?" என்று திட்டினேன்.

"கதை ஒண்ணுதான் அக்கா. ஆனா படம் போடறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல பயப்படறாங்க. யார் எங்க பயந்தாங்கன்னு பாக்கத்தான் வாங்கறேன்."

அதே கதைக்குப் புதிதாக ஒரு பெரிய பதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டு, புத்தகக் கடையில் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதற்குள் தலையில் கட்டி. முதலில் பார்வையின் ஓரங்கள் இருட்டின. பிறகு எல்லாமே. புத்தகம் வந்து சேர்ந்த அன்று அவளால் சன்னல் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மடியில் வைத்தேன். அட்டையைத் தடவினாள். மோந்து பார்த்தாள்.

"அழகா இருக்கா அக்கா?"

முதல் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து கடை முடிந்ததும் போய்ப் படித்துக் காட்டுவேன். மேகக் கடலில் படகு ஓட்டிப் போய், தம்பியின் தொலைந்த குரலை டிராகனிடம் கேட்டு வாங்கப் போகிற ஒரு பெண்ணின் கதை. ஒவ்வொரு வண்ணப் படத்தின் மேலும் மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும். தாளைத் தூக்கி, படத்தையும் சொல்ல வேண்டும். "வானம் நீலம்னு சும்மா சொல்லாதே. எந்த நீலம்?" என்று உயிரை எடுப்பாள். உள்ளங்கையைப் படத்தின் மேல் விரித்துக்கொள்வாள். நாள் ஆக ஆகக் கேள்விகள் குறைந்தன. 'ம்... ம்...' மட்டும் மிஞ்சியது. பட்டாசு நமத்துப்போனது.

கடைசி அத்தியாயம் படிக்கும் முன்பே போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரித் தெருவில்கூட நான் கால் வைக்கவில்லை.

மூன்று மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை. கடைக்கு விடுமுறை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானத்திலிருந்து விடாத மழை. நான் தங்கையின் அறையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டது நெஞ்சை அறுத்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன, முடித்துவிடுவோம் என்று அவள் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனது. மொபைல் விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

ஒரு படம் வந்தது. பனிமூட்டத்தில் படகு. மேலே இருந்த தாளைத் தூக்கக் கை நீட்டினேன்.

தாள் தானாக எழும்பி நின்றது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். சன்னல் சாத்தித் தாழ் போட்டிருந்தது.

படத்தைச் சொல்லாமல் அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். பக்கம் திரும்பவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம். மேலே ஏதோ கனமாக அழுத்திக்கொண்டிருந்தது...

உள்ளங்கை அளவு கனம்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

"படகு... சின்னப் படகு. பாய் கிழிஞ்சிருக்கு. வானம் நீலம். விடியறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த நீலம்."

"ம்..."

என் தங்கையின் 'ம்'. முடியும் இடத்தில் லேசாக மேலே ஏறுமே, அதே 'ம்'. கட்டில் பக்கமிருந்து.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எனக்கு அந்த 'ம்' வேண்டியிருந்தது. கண்ணீர் வழிய வழியப் படித்தேன். பக்கம் இப்போது லேசாகத் திரும்பியது.

அடுத்த படம். கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு தூங்கும் டிராகன். சொன்னேன்.

"ம்..."

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு 'ம்'.

அது அவளுடையது இல்லை.

மெலிந்த குரல். கட்டிலின் கால்மாட்டில், தாழ்வாக...

விளக்கை அந்தப் பக்கம் திருப்ப எனக்குத் துணிவு வரவில்லை.

படித்தேன்.

"ம்..."

"ம்..."

இரண்டு பேர்.

கடைசிப் படம். நாக்கு குழறியது. "படிக்கட்டு... மேல ஒரு கதவு. பாதி திறந்திருக்கு. உள்ள வெளிச்சம். அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறா. உள்ள என்ன இருக்குன்னு வரையல..."

அதன் கீழே இரண்டே வரி. படித்தேன். கதை முடிந்தது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, என் முழங்காலுக்கு வெகு அருகில்...

"அப்புறம்?"

குழந்தைக் குரல். பேசிப் பழகாத, கரகரத்த குரல்.

"அவ்வளவுதான்மா," என்றேன். "முடிஞ்சிடுச்சு."

தாள் மெல்லப் படத்தின் மேல் படிந்தது.

கரண்ட் வந்தது. அறையில் யாரும் இல்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. விடியும் வரை அதன் மேல் முகம் புதைத்து அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சோகத்தில் மூளை செய்த வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம், தங்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்கா எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அதோட அந்தப் பக்கம் எட்டியே பாக்கலையே? பாப்பா உங்களை ரொம்பத் தேடிச்சு."

"எந்தப் பாப்பாக்கா?"

"பக்கத்துக் கட்டில்ல, திரைக்கு அந்தப் பக்கம். விபத்துல பெத்தவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. நீங்க படிக்கிறப்போ மட்டும் மெதுவா ம் கொட்டும். உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்க வராம போனதும், சாயங்காலமானா வாசலைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கும்."

கையிலிருந்த பிரேமை மேசை மேல் வைத்தேன்.

"இப்ப... எப்படி இருக்கா?"

அவர் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன வியாழக்கிழமை மழை பெஞ்சுதே, கரண்ட் போச்சே... அந்த நேரம்தான் போயிடுச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். வாயே திறக்காத புள்ளை, திடீர்னு அப்புறம்னு கேட்டுச்சு. தெளிவா. என்னைப் பாத்து இல்ல, சுவரைப் பாத்து. யாரோ பதில் சொன்ன மாதிரி தலையை ஆட்டிச்சு. கண்ணை மூடிக்கிச்சு."