எதிரி விழுந்த அன்று

பிள்ளைகளா, உங்கள் அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒரு பழைய காப்பியத்தை முழுக்க வாய்விட்டு வாசித்தவன். அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

சுருளிப்பட்டியில் நம் திராட்சைப் பந்தலில் கவாத்து நடந்த சமயம் அது. காலையிலேயே அன்றைய பாட்டுகளுக்கு உரை பார்த்து வைத்துக்கொள்வேன். கொடி வெட்டும் பெண்கள் மதியம் நிழலில் உட்கார்ந்ததும் கொஞ்சம் வாசித்துப் பொருள் சொல்வேன். பிறகுதான் எல்லோரும் சாப்பிடுவோம்.

எதிரி அரசன் போரில் விழுந்த அன்று, "சண்டை முடிஞ்சிருச்சு, சாப்பிடுங்க" என்று புத்தகத்தை மூடினேன். ஒருத்தரும் தூக்குவாளியைத் தொடவில்லை.

"ஏந்தம்பி, அவன் பொஞ்சாதி வரலையா?" என்றார் மூத்த அக்கா ஒருவர்.

"வருவாக்கா. அவ அழுகுற பாட்ட நாளைக்குப் படிக்கிறேன்."

"நல்லாருக்கே! பொணத்தப் போட்டுட்டு நாங்க சோறு திங்கவா?"

"அவன் கெட்டவன்க்கா."

"இருந்துட்டுப் போறான். எழவு வீட்டுல ஒப்பாரி வேணாமா? படிங்க தம்பி."

அந்தப் பாட்டுகளுக்கு நான் உரை பார்த்திருக்கவில்லை. தடுமாறினால் சிரிப்பார்களே என்று பயந்தேன். எழுத்துக் கூட்டித்தான் ஆரம்பித்தேன். ஆனால், நம் ஊர் இழவு வீட்டில் பெண்கள் கேட்டு அழும் கேள்விகளைத்தான் அந்த ராணியும் கேட்டாள். போகப் போகப் பொருள் தானாக வந்தது. உரையைத் தொடாமலே கடைசிப் பாட்டு வரை சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சோத்தப் பிரிங்கடி" என்றார்.