ப்ரோவேன் கோட்டையில் ஒரு சிங்க அங்கி

நம் ஊரில் செவாலியே என்றால் நடிகர்களுக்குக் கிடைக்கும் விருது. அந்தப் பெயருக்கு உரிய அசல் ஆட்களை, இரும்புச் சட்டை போட்ட குதிரை வீரர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் பள்ளிக்கால ஆசை. போன ஜூனில் பாரிஸ் போனபோது நிறைவேறியது.

தங்கியது பாரிஸ் புறநகரான ஸ்தேனில், யோகன் அண்ணன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்து திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். இப்போது பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், லூயி-பிளாங் தெரு உணவகம் ஒன்றில் சமையல். பாரிஸில் பிறந்த அவர் மகள் துளசி, அக்கால வீரர்களைப் போல உடுத்தி வாள் வீசும் ஒரு குழுவில் இருக்கிறாள். அந்த ஞாயிறு அவளுக்கு வீரப் பட்டம்.

"பிள்ளை கட்டாயம் வரச் சொன்னவள். கோன்ஜே எடுத்திட்டன் தம்பி," என்றார். ஞாயிற்றுக்கிழமை உணவகத்தில் விடுப்பு வாங்குவது லேசான காரியமில்லை.

காலையில் அவர் உணவகத்திலேயே இடியப்பமும் சொதியும். அங்கிருந்து கார் து லெஸ்த் நிலையத்துக்குக் கால் மணி நடை. பழைய கோட்டை நகரான ப்ரோவேனுக்கு ரயில் கட்டணம் இரண்டரை யூரோ, தூரம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றரை மணிப் பயணம். அவ்வளவு நேரமும் நான் விரிவுரை ஆற்றினேன். தலைக்கவசம் முகத்தை மறைத்துவிடும், ஆள் யாரென்று மேலங்கியிலும் கேடயத்திலும் உள்ள சின்னம்தான் சொல்லும், புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் சின்னமே இல்லாத கேடயத்தோடு வருவதும் உண்டு என்றெல்லாம். அண்ணன் பாதித் தூக்கத்தில் "ஓம், ஓம்" என்றார்.

கோட்டை மதிலடியில் ஐந்து பேர் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் முகம் மூடியிருந்தது. "எது எங்கட பிள்ளை?" என்று தேடினார் அண்ணன். கடைசி ஆள் கையசைத்தாள். சிவப்பு மேலங்கி, அதில் வாள் பிடித்த மஞ்சள் சிங்கம். குழுவின் பெட்டியில் அவள் அளவுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம்: பெற்றவர் மண்டியிட்டு, குதிரையை உந்தும் குதிமுள்ளைப் பிள்ளையின் காலில் கட்ட வேண்டும். அப்போதுதான் பட்டம். துளசியின் முறை வந்தது. அண்ணன் பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"உந்தக் கொடியைக் கண்டு ஊரை விட்டு ஓடினனாங்கள். அதுக்கு முன்னாலை முழங்காலிலை நிக்க என்னாலை ஏலாது."

துளசி தலைக்கவசத்தைக் கழற்றினாள். "பப்பா, வியேன்!" என்று கூப்பிட்டாள். அவர் நகரவில்லை. இதற்காகவே விடுப்பு எடுத்து வந்த மனுஷன், இதற்காகவே காத்திருந்த பெண். கயிற்றைத் தாண்டி ஓடி, அது இலங்கைக் கொடியில் இருக்கும் அதே சிங்கம் என்று அவளிடம் சொன்னேன். குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நான் யோசிக்கேல்லை, அப்பா!" பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் பெண், தமிழில் கத்தினாள். அங்கியைத் தலைவழியே உருவி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெறும் வெள்ளைத் துணி.

அண்ணன் போனார். மண்டியிட்டார். வாரை இறுக்க அவருக்கு நேரமானது, கண் தெரியவில்லை. அறிவிப்பாளர், என்ன சின்னம் என்று அறிவிப்பது எனக் கேட்டார்.

"சின்னம் இல்லை," என்றாள் துளசி. "யோகனின் மகள் என்று சொல்லுங்கள்."

போகிறவர்களுக்கு: மதிலைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. மேட்டில் ஏறத் தண்ணீரும் நல்ல செருப்பும் வேண்டும். மாலை ரயிலுக்குக் கூட்டம் அதிகம். அங்கி வாடகைக்கு எடுக்கும்போது எல்லோரும் அளவைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கூட வருபவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு எடுங்கள்.