ஆறு கிலோ பிரஷரில் ஒரு மெலோடிகா

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கிங்ஸ்டனுக்குக் கம்ப்ரசர் அறையில் வேலை. மெஷின்களுக்குக் குழாய் வழியாகப் போகும் காற்றில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பொறுப்பு. ஷிஃப்ட் தொடங்கியதும் டேங்கின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பார். முடியும்போது மறுபடியும் வடிப்பார். வேலையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையை வடிக்க மட்டும் வால்வு கிடையாது. பந்தியில் பக்கத்தில் இருப்பவர் ரசம் கேட்டால்கூட, "காத்துல தண்ணி நின்னா மெஷினுக்கு அது வெஷங்க" என்று ஆரம்பித்து, முடித்துவிட்டுத்தான் ரச வாளியைக் கூப்பிடுவார். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் மோருக்குப் போயிருப்பார்.

இப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில், தனக்குள் ஒரு இசைக்கலைஞன் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அவர் போகும் கிறிஸ்தவச் சபையில் கீபோர்டு வாசித்தவர் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார். கீபோர்டும் அவருடையது என்பதால் அதுவும் கூடவே போய்விட்டது. பாடகர் குழுவை நடத்தும் பிரகாசம், ஓய்வுபெற்ற ஆசிரியர், "கிறிஸ்துமஸ் வருது, சுதி பிடிக்க ஒரு வாத்தியம் இல்லியே" என்று புலம்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்டன் தோளில் நீலப் பெட்டியோடு வந்து நின்றார். பெட்டிக்குள் மெலோடிகா. பார்க்கக் குட்டி ஆர்மோனியம் மாதிரி கட்டைகள், ஊதுவதற்கு ஒரு வளைந்த குழாய்.

"துருத்தி இல்ல, கரண்டு இல்ல. நம்ம மூச்சு மட்டும்தான்" என்றார்.

"வாசிக்கத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார் பிரகாசம்.

"காத்து பத்தி எனக்குத் தெரியாததா அண்ணே?"

பிரகாசம் கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் டிசம்பர் பிறக்க இருந்தது, வேறு ஆளும் இல்லை.

கிங்ஸ்டன் தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் சாதகம் செய்தார். கீழே குடியிருந்த கன்னட வீட்டுக்காரம்மா கெம்பம்மா முதல் வாரம் பொறுத்துப் பார்த்தார். இரண்டாம் வாரம் படியேறி வந்து, "ஏனு கிங்ஸ்டன், எருமைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். எருமை இல்லை, கிறிஸ்துமஸ் கீதம் என்றதும், "ஓ, தேவரு, சாமி பாட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு புகாரே வரவில்லை. அதைக் கிங்ஸ்டன் தன் முன்னேற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

மெலோடிகாவில் ஒரு சின்ன விஷயம் உண்டு. வாய்க்காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். எச்சிலும் கூடவே சேரும். வாசித்து முடித்ததும் ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு, கட்டை எதையும் தொடாமல் பலமாக நாலு ஊது ஊதினால் எல்லாம் சொட்டிவிடும். பிறகு துடைத்து, பெட்டியில் மூடாமல் காயவிட வேண்டும். அவ்வளவுதான். இருபது வருடமாக டேங்கில் தண்ணீர் வடித்த மனிதருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் வாசிப்பார், ரசிப்பார், படக்கென்று பெட்டியை மூடுவார்.

மனைவி வின்சிதான் ஒருநாள் பெட்டியைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னாங்க, ஊசிப்போன சாம்பார் மாதிரி வாடை வருது. ஓரத்துல பட்டன் இருக்குது பாருங்க, அத அமுக்கி ஊதி தண்ணிய எடுத்துடுங்க."

"தண்ணியப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?" என்று கிங்ஸ்டன் சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தண்ணீர் முடியவில்லை.

டிசம்பர் நடுவில் குழு தளி ஊருக்குக் கேரல் பாடப் போனது; வின்சியும் கூடப் போனாள். சாயங்காலமே அங்கே பனி இறங்கிவிட்டது. சபையைச் சேர்ந்த அன்னமேரி அம்மாள் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு, தானே செய்த பிளம் கேக்கை நடுவில் வைத்திருந்தார். போதகர் ஜெபித்து ஆசீர்வதித்தார். பிரகாசம் கையைத் தூக்கினார். கிங்ஸ்டன் ஊதினார்.

முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில் மெலோடிகா கொப்பளித்தது. மூன்றாவதில், சளி கட்டிய ஆடு ஒன்று தன் பங்குக்குப் பாடியது. மேல் ஸ்தாயியில் பாடும் சோப்ரானோப் பெண்கள் ஆட்டின் சுருதிக்கு இறங்குவதா, சொந்தச் சுருதியில் நிற்பதா என்று தவித்து ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கிங்ஸ்டன் அசரவில்லை. பாட்டுக்கு நடுவே குழாயைக் கழற்றி, தெர்மாமீட்டரை உதறுவதுபோல மெலோடிகாவை ஓங்கி உதறினார்.

மூன்று வாரத் தண்ணீர். அவ்வளவும் கேக்கின் மேல்.

ஏற்கெனவே ஆசீர்வாதம் முடிந்துவிட்ட கேக் என்பதால் என்ன செய்வது என்று போதகருக்கே தெரியவில்லை. கடைசியில் அன்னமேரி அம்மாள்தான், "பரவால்ல விடுங்க, முறுக்கு இருக்குது" என்று எல்லாரையும் கரையேற்றினார்.

திரும்பும் வேனில் வின்சி மெதுவாக, "அந்தப் பட்டன..." என்று ஆரம்பித்தாள்.

"சைனா பீஸு. மெட்டீரியலே சரியில்ல" என்று கிங்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனதுக்குள் அவமானம் எரிந்தது. மனைவி சொன்ன பட்டனை அழுத்துவதைவிட நிபுணர் முறையில் தீர்ப்பதே மரியாதை என்று முடிவுசெய்தார். மறுநாள் மெலோடிகா கம்பெனிக்குப் போனது. தூசு ஊதித் தள்ளும் ஏர் கன்னை அவர் கையில் எடுத்தார். ஆறு கிலோ பிரஷர், கார் டயருக்கு அடிப்பதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதன் முனையை ஊதும் துளையில் செருகி, எல்லா ஸ்வரமும் ஒரே தடவையில் காயட்டும் என்று முன்கையால் அத்தனை கட்டைகளையும் அழுத்தி, விசையை இழுத்தார்.

அன்று எழுந்த ஓசையை இசையில் சேர்ப்பதா என்பது வேறு விஷயம். தொழிற்சாலை அதைச் சைரனில் சேர்த்தது. பிரஸ் லைன் நின்றது. பெயிண்ட் ஷாப் காலியானது. கேன்டீனில் வடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள். மாதாமாதம் நடத்தும் தீ விபத்து ஒத்திகையில் அசைந்து அசைந்து வருகிறவர்கள், அன்று அசெம்ப்ளி பாயின்டில் வேப்பமரத்தடியில் அழகாக வரிசை கட்டி நின்றார்கள்.

மெயின்டனன்ஸ் மேனேஜர் கமலக்கண்ணன் நெருப்பைத் தேடி ஓடி வந்தார். கம்ப்ரசர் அறையில் நெருப்பு இல்லை. கிங்ஸ்டன் மட்டும் முன்கையில் கட்டைகளின் தடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?"

"மெலோடிகா சார். ஈரம் எடுத்தன்."

கமலக்கண்ணன் மெலோடிகாவை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினார். ஸ்வரம் எழுப்பும் பித்தளை நாக்குகள் முறிந்து உள்ளே சோழி மாதிரி உருண்டன.

"நல்லா எடுத்திருக்க. மேல போய் சொல்லிட்டு வரன், ஒத்திகைன்னு. நீ வாயத் தொறக்காத."

அந்த ஒத்திகை நன்றாக நடந்ததாக மேலிடம் கமலக்கண்ணனைப் பாராட்டியது.

வீட்டில் வின்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் கிங்ஸ்டனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "சண்டே ஸ்கூல் அலமாரியில ஒன்னு இருக்குது. நான் எடுத்துட்டு வரன்" என்றாள்.

"அத யாரு வாசிக்கறது?"

"நான்தான். ஒம்போது வருசமா பசங்களுக்கு அதுலதான பாட்டு சொல்லித் தரன்."

கிங்ஸ்டன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஞாயிறு காலையில் அவள் தனக்கு முன்பே கிளம்பிப் போவது அவருக்குத் தெரியும். கோலம் போடவோ பூ வைக்கவோ போகிறாள் என்று நினைத்திருந்தார். கேட்டதில்லை. சபையில் வேறு பெரியவர்கள் யாரும் சண்டே ஸ்கூல் அறைக்குள் எட்டிப் பார்த்ததும் இல்லை. அவர் மெலோடிகா வாங்கி வந்த அன்று அவள் ஏன் ஒரு மாதிரி சிரித்தாள் என்பது இப்போது புரிந்தது.

"சொல்லிருக்கலாமில்ல?"

"எங்க, நீங்க விட்டாத்தான?"

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் வின்சி வாசித்தாள். அலட்டல் இல்லை, கண்ணை மூடவில்லை. பாட்டு எங்கே மூச்சு வாங்குமோ அங்கே அவளும் வாங்கினாள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கைக்குட்டையைப் பிடித்து, பட்டனை அழுத்தி, ஊதி, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல ஈரத்தை எடுத்துத் துடைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆண்கள் வரிசையில் கிங்ஸ்டன் முதல் பாட்டுக்குப் பொறாமையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டில் பொறாமையை மறந்துபோனார். கண் கலங்கியதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட, ஓசூர்க் குளிரின் தலையில் பழியைப் போட்டார்.

வாசலில் பிரகாசம் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, குறுகின நாள்ல சிஸ்டர எப்பிடித் தயார் பண்ணீங்க! அருமையான ட்ரெயினிங்கு."

திருத்தத்தான் கிங்ஸ்டன் வாயைத் திறந்தார். பாவம், அதற்குள் இன்னும் இரண்டு பேர் வாழ்த்தக் கை நீட்டிவிட்டார்கள். வந்த கையைத் தட்டக் கூடாதே என்று குலுக்கினார். அப்புறம் தலையை லேசாகச் சாய்த்து, "சொன்னா கப்புனு பிடிச்சுக்குவா" என்றும் சொல்லிவிட்டார்.

பின்னால் வந்துகொண்டிருந்த வின்சிக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் சண்டே ஸ்கூல் மெலோடிகாவின் பெட்டியை அவர் கையில் திணித்தாள்.

"மாஸ்டர், இதப் புடிங்க. ஸ்கூட்டர நான் எடுக்கறன்" என்றாள்.