புத்தூர் கட்டு

பஸ்ஸில் பக்கத்து ஆளின் கையில் புத்தூர் கட்டு. அந்தப் பச்சிலை வாடையில் அண்ணன் நினைவு வந்தது.

நகரி வீடியோ கொட்டகையில் இரண்டு தெரு ரவுடிகள் மோதும் கராத்தே படம் போட்டார்கள். அதைப் பார்த்த அண்ணன் கையால் செங்கல்லை உடைக்கப்போய் எலும்பை உடைத்துக்கொண்டான். புத்தூரில் கட்டுப் போட்டார்கள்.

"இன்னா மாஸ்டரு, செங்கல்லு கெலிச்சிடுச்சா?" என்று மேலத்தெரு முருகன் சிரித்தான்.

அண்ணன் கட்டுத் துணியை பிளேடால் அறுத்தான்.

"வேணாம்டா, எலும்பு கூடல. அடுத்த மாசம் மெட்ராஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க," என்று நைனா கெஞ்சினார்.

"ஒரே அடி நைனா. குட்த்துட்டு வந்துடறேன்."

கொடுத்தான். முருகனுக்கு உதடு கிழிந்தது. அண்ணனுக்குக் கை கோணலாகவே கூடியது. கம்பெனிக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முருகனைத்தான்.

நகரியில் இறங்கினேன். அண்ணன் வந்திருந்தான். என் பையை இடது கையில் வாங்கிக்கொண்டான்.